புதிய ஆளுக்குத் தொழில் ஏறுவது எப்படி? கண்ணா, காதா, கையா?



மளிகைக் கடைக்காரர்கள் இருவர் சந்தித்தால் முதலில் பேசுவது சரக்கு விலை. அடுத்துப் பேசுவது ஆள் பற்றாக்குறை. தாம்பரம் சண்முகம் சாலையானாலும் சரி, குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர், மேடவாக்கம் பக்கத்துக் கடைத் தெருக்களானாலும் சரி, "ஆள் கிடைக்கவில்லை அண்ணாச்சி" என்பதுதான் எங்கும் பேச்சு. அதற்கு அடுத்த வரியும் நமக்கு மனப்பாடம். "கிடைத்தாலும் வருகிறவனுக்குத் தொழில் ஏறமாட்டேன் என்கிறது!"

ஏறவில்லை என்றால் அது யாருடைய குறை? கற்கிறவனுடையதா, கற்றுக் கொடுக்கிற நம்முடையதா? இந்தக் கேள்வியை நான் பல ஆண்டுகள் கேட்டுக்கொள்ளவே இல்லை. அதற்குக் கொடுத்த விலையையும், பிறகு தெரிந்துகொண்ட பாடத்தையும் இங்கே சொல்கிறேன். என்னைப் போல் இன்னொருவர் நஷ்டப்பட வேண்டாம் என்பதே நோக்கம்.

முதல் தவறு

சில ஆண்டுகளுக்கு முன் தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் என் கடைக்கு வந்தான். பத்தொன்பது வயது. நல்ல குடும்பம், நல்ல பணிவு. முதல் நாள் காலை கடை திறந்ததும் அவனை நிற்க வைத்து அலமாரி அலமாரியாகக் கையை நீட்டி ஒப்பித்தேன். "இது துவரம் பருப்பு முதல் ரகம், இது இரண்டாம் ரகம், இது பாசிப்பருப்பு, இது கடலைப் பருப்பு, இது முழு உளுந்து, இது உடைத்தது..." கால் மணி நேரத்தில் நூறு சரக்கின் பெயரும் விலையும் சொல்லி முடித்தேன்.

"புரிந்ததா தம்பி?" என்றேன்.

"புரிஞ்சுது அண்ணாச்சி" என்றான். வேறு என்ன சொல்வான்?

பத்து மணிக்கே மறந்துவிட்டான். மறுபடி சொன்னேன், மறுபடி மறந்தான். மூன்றாவது வாரம் ஒரு கல்யாண வீட்டிலிருந்து தொலைபேசியில் சரக்குக் கேட்டார்கள். பாயசத்துக்குப் பத்து கிலோ பாசிப்பருப்பு. அவன் கட்டி அனுப்பியது கடலைப் பருப்பு. மாலையில் அந்த வீட்டுப் பெரியவர் கடைக்கே வந்து சத்தம் போட்டார். நான் அந்தக் கோபத்தை அப்படியே பையன் மேல் இறக்கினேன். நாலு வாடிக்கையாளர் முன்னால், "உனக்கெல்லாம் காது எதுக்குடா?" என்று கேட்டேன். அன்றிரவே அவன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

ஓராண்டு கழித்து ஒரு மொத்தக் கடைக் கிடங்கில் அவனைப் பார்த்தேன். லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூட்டையிலும் குத்தூசி போட்டு எடுத்து, உள்ளங்கையில் உருட்டி, "இது பழைய வரவு, இது புது வரவு, இதில் ஈரம் இருக்கு" என்று பிரித்துக்கொண்டிருந்தான். சரக்கு இறக்குவதை அவன் பொறுப்பிலேயே விட்டிருந்தார் அந்த முதலாளி. என்னைக் கண்டதும், "வாங்க அண்ணாச்சி" என்று சொல்லி டீ வாங்கி வரச் சொன்னான். அந்த டீ எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. என் கடையில் "மக்கு" என்று பெயர் வாங்கியவன், இன்னொரு கடையில் கெட்டிக்காரனாக நிற்கிறான். பையன் மாறவில்லை. கற்றுக் கொடுத்த விதம் மாறியிருக்கிறது!

மூன்று வகை என்கிறார்களே

அதன் பிறகுதான் ஒரு பயிற்சிக் கூட்டத்துக்குப் போனேன். அங்கே பேசியவர் சொன்ன செய்தி எனக்குப் புதிது. மனிதர்கள் கற்றுக்கொள்வதில் மூன்று வகை உண்டாம். கண்ணால் பார்த்துக் கற்பவர், காதால் கேட்டுக் கற்பவர், கையால் செய்து கற்பவர். ஆளின் வகையைக் கண்டுபிடித்து அந்த வழியிலேயே கற்றுக் கொடுத்தால் சட்டென்று ஏறும் என்றார்.

இந்தக் கருத்து அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா எங்கும் பள்ளி ஆசிரியர்களிடையே பரவியது. நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் ஃபிளெமிங் என்ற கல்வியாளர் 1987இல் இதற்கென ஒரு கேள்வித்தாளே தயாரித்தார். பார்த்தல், கேட்டல், செய்தல் என்ற மூன்றோடு படித்தும் எழுதியும் கற்பது என்று நான்காவது ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். இன்றும் உலகம் முழுவதும் பயிற்சி வகுப்புகளில் அது புழங்குகிறது.

ஆளின் நாட்டத்தை அறிய அந்தக் கூட்டத்தில் சில அடையாளங்கள் சொன்னார்கள். நம் கடைக்குத் தகுந்தபடி அவற்றைத் தருகிறேன்.

புதிய இடத்துக்குச் சரக்குக் கொண்டுபோகச் சொன்னால், ஒருவன் துண்டுத் தாளில் வழி வரைந்து தரச் சொல்வான். இன்னொருவன், "ஒருதரம் சொல்லுங்க, போதும்" என்பான். மூன்றாமவன், "ஒரு தடவை கூட வாங்க, அப்புறம் நானே போயிடுவேன்" என்பான்.

புதிய எடை இயந்திரம் வந்தால், ஒருவன் நீங்கள் பொத்தான் அழுத்துவதைத் தள்ளி நின்று பார்ப்பான். ஒருவன் ஒவ்வொன்றுக்கும் கேள்வி கேட்பான். ஒருவன் நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் தானே கை வைத்துவிடுவான்.

வாடிக்கையாளரை நினைவு கூரும்போது, ஒருவன் "சிவப்பு ஸ்கூட்டர்க்காரர்" என்பான். ஒருவன் "கரகரன்னு பேசுவாரே, அவர்" என்பான். ஒருவன் "மாசச் சாமான் மூட்டை கட்டி மூணாவது மாடி ஏத்துனோமே, அந்த வீடு" என்பான்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. தென்காசிப் பையன் "கை வகை", நான் அவனுக்கு வாயால் சொன்னேன், அதனால்தான் ஏறவில்லை என்று கணக்கு நேராகிவிட்டது போல் தோன்றியது. மனசும் கொஞ்சம் லேசானது. ஆனால் அந்தக் கணக்கிலும் பிழை இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது தவறு

அடுத்து வந்த பையன் படு சுறுசுறுப்பு. மேலே சொன்ன சோதனைகளை எல்லாம் வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, "காது வகை". ஒருமுறை சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்வான். நூறு சரக்கின் விலையும் மூன்றே நாளில் பாடம். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. எல்லாவற்றையும் வாயாலேயே சொல்லிக் கொடுத்தேன்.

"நிலக்கடலைப் பருப்பு வாங்கும்போது காறல் வாடை இருக்கா என்று பார்க்கணும் தம்பி" என்றும் சொன்னேன். "சரிங்க அண்ணாச்சி, காறல் வாடை பார்க்கணும்" என்று அழகாகத் திருப்பிச் சொன்னான்.

நான் ஊருக்குப் போயிருந்த நேரத்தில் இரண்டு மூட்டை கடலைப் பருப்பு வந்து இறங்கியது. அவன்தான் வாங்கி வைத்தான். திரும்பி வந்து மூட்டையைப் பிரித்தால் கடை முழுக்கக் காறல். "வாடை பார்த்தியா?" என்று கேட்டேன். "பார்த்தேன் அண்ணாச்சி. கடலை வாடைதான் அடிச்சுது" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. காறல் என்ற சொல் அவன் காதில் இருந்தது. காறல் என்ற வாடை அவன் மூக்குக்குத் தெரியாது. நல்ல கடலையையும் கெட்ட கடலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் ஒருநாளும் முகரக் கொடுத்ததில்லை. அவன் "காது வகை" ஆயிற்றே, சொன்னால் போதும் என்று விட்டுவிட்டேன். இரண்டு மூட்டையும் நஷ்டம்.

அப்போது யோசித்தேன். எந்த வகையைச் சேர்ந்த ஆளாக இருந்தாலும் வாடையைக் காதால் கற்க முடியுமா?

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

இந்தக் கேள்வியை அறிஞர்களும் கேட்டிருக்கிறார்கள். 2004இல் இங்கிலாந்தில் ஃபிராங்க் காஃபீல்டு என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் உலகில் புழங்கும் இத்தகைய "கற்கும் வகை"த் திட்டங்களைத் திரட்டினார்கள். 71 திட்டங்கள் தேறின. ஒன்று மூன்று வகை என்கிறது, ஒன்று நான்கு என்கிறது, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

2008இல் அமெரிக்காவில் ஹரோல்டு பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியல் அறிஞர்கள் இன்னும் நேரடியாகக் கேட்டார்கள். "கண் வகை" ஆட்களில் பாதிப் பேருக்குப் படம் காட்டியும் பாதிப் பேருக்கு வாயால் சொல்லியும் கற்றுக் கொடுங்கள். "காது வகை" ஆட்களுக்கும் அப்படியே செய்யுங்கள். பிறகு எல்லோருக்கும் ஒரே பரீட்சை வையுங்கள். கண் வகைக்குப் படமும், காது வகைக்குப் பேச்சும் கூடுதல் மதிப்பெண் தந்தால்தான் இந்தக் கொள்கை உண்மை. வெளிவந்த ஆய்வுகளை இந்தத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தபோது, கொள்கையை ஏற்கப் போதிய சான்று கிடைக்கவில்லை. இப்படி முறையாகச் செய்த ஆய்வுகளே மிகக் குறைவு. அவற்றிலும் சில கொள்கைக்கு எதிராகவே முடிந்திருந்தன.

அப்படியானால் எல்லாம் பொய்யா? அப்படியும் சொல்ல முடியாது. ஒருவருக்குப் பார்ப்பது பிடிக்கும், ஒருவருக்குக் கேட்பது பிடிக்கும் என்பது உண்மைதான். நாம் தினமும் பார்க்கிறோம். ஆனால் பிடிப்பது வேறு, பதிவது வேறு. இனிப்பு பிடிக்கும் என்பதற்காக இனிப்பே சத்துணவு ஆகிவிடாது அல்லவா?

ஆளின் நாட்டத்தை அறிவதில் நமக்கு ஒரு பயன் உண்டு. புதிய ஆள் கூச்சமில்லாமல் தொடங்குவதற்கு அது உதவும். செய்து பார்க்கத் துடிப்பவனிடம் அரை மணி நேரம் பிரசங்கம் செய்யாமல் இருக்கலாம். கேள்வி கேட்பவனை "வாயாடி" என்று அடக்காமல் இருக்கலாம். அந்த அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். "இவன் இந்த வகை" என்று நெற்றியில் ஒட்டிவிட்டு மற்ற வழிகளை அடைத்துவிட்டால், எனக்கு நேர்ந்த கதைதான் நேரும்.

மணலில் விரலும் வாயில் பாட்டும்

இதை நம் முன்னோர் நன்றாகவே அறிந்திருந்தார்கள். பழைய திண்ணைப் பள்ளியை நினைத்துப் பாருங்கள். மாணவன் மணலில் விரலால் எழுதுவான். எழுதும்போதே வாய்விட்டுச் சொல்வான். கண் பார்க்கிறது, காது கேட்கிறது, வாய் சொல்கிறது, விரல் உணர்கிறது. அங்கே யாரும் பிள்ளைகளை வகை பிரிக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் எல்லா வாசலும் திறந்திருந்தது.

கணக்குக்கு எண்சுவடி இருந்தது. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், பெருக்கல் வாய்ப்பாடுகள் எல்லாவற்றையும் உரக்க ஒப்பித்தார்கள். பதினாறில் ஒரு பங்கான மாகாணி, இருபதில் ஒரு பங்கான மா, எண்பதில் ஒரு பங்கான காணி, முந்நூற்றிருபதில் ஒரு பங்கான முந்திரி வரை மனக்கணக்காகவே வந்தது. நம் தாத்தாமார் காகிதமும் பேனாவும் இல்லாமல் கடை நடத்தியது அந்தப் பயிற்சியின் பலத்தால்தான்.

இந்த மணல் எழுத்து கடல் கடந்தும் போயிருக்கிறது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகள் அநாதை விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். அவர் ஒருநாள் நம் ஊர்த் திண்ணைப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவர விரும்பினார். சம்பள ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார். அவன் சின்னப் பிள்ளைகளுக்கு வெற்றிகரமாகக் கற்றுக் கொடுத்தான். பெல் ஊர் திரும்பி 1797இல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குக் கற்றுக் கொடுக்கும் இந்த முறை "மெட்ராஸ் முறை" என்ற பெயரிலேயே இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. நம் கடைகளில் பழைய பையன் புதுப் பையனைப் பழக்குவதும் இதேதான்.

தாம்பரத்துக்கு அருகிலேயே இன்னொரு சான்றும் உண்டு. இத்தாலி நாட்டுக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அடையாறுக்கு வந்தார். அங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார். உலகப் போரில் இத்தாலி எதிர்ப்பக்கம் சேர்ந்ததால் திரும்பிப் போக முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அவருடைய முறையில் எழுத்துகளை உப்புத்தாளில் வெட்டி ஒட்டியிருப்பார்கள். குழந்தை அதை விரலால் தடவும், கண்ணால் பார்க்கும், ஆசிரியர் அதன் ஒலியைச் சொல்வார். புலன்களைச் சேர்த்துப் பழக்குவதே அவர் வழி. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் தமிழகத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் சென்ற செயல்வழிக் கற்றலிலும், அட்டைகளைக் கையில் எடுத்து, ஒரு படி முடித்த பிறகே அடுத்த படிக்குப் போகும் ஏற்பாடு இருந்தது.

எந்தப் புலன் என்பதைச் சரக்கே சொல்லும்

ஆகவே நண்பர்களே, "இந்தப் பையன் எந்த வகை?" என்று கேட்பதை விட, "இந்த வேலை எந்தப் புலனுக்கு உரியது?" என்று கேளுங்கள். நம் தொழிலில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு புலன் உண்டு.

கண்ணுக்கு உரியவை: துவரம் பருப்பில் கேசரிப் பருப்பு கலந்திருந்தால் ஒரு பக்கம் சரிந்து ஆப்பு போல் இருக்கும். கடுகில் பிரம்மதண்டு விதை கலந்திருந்தால் கூர்ந்து பார்க்க வேண்டும். கடுகின் மேல்புறம் வழவழப்பு, நசுக்கினால் உள்ளே மஞ்சள். பிரம்மதண்டு விதை சொரசொரப்பு, உள்ளே வெள்ளை. இது சிறிய விஷயம் அல்ல. 1998இல் டெல்லியில் பிரம்மதண்டு எண்ணெய் கலந்த கடுகெண்ணெயால் 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

கைக்கு உரியவை: பருப்பிலும் அரிசியிலும் ஈரம். வெல்லத்தின் கெட்டி. மூட்டைக்குள் கைவிட்டால் தெரியும் சூடு. பொட்டலம் மடித்துச் சணல் சுற்றும் லாவகம். "கண் பார்த்ததைக் கை செய்யும்" என்பார்கள். செய்த பிறகுதான் அது கைக்குச் சொந்தம்.

காதுக்கு உரியவை: தேங்காயைத் தட்டிப் பார்க்கும் ஒலி. காய்ந்த அரிசியைக் கடித்தால் எழும் "டக்" என்ற சத்தம். எல்லாவற்றுக்கும் மேலாக வாடிக்கையாளர் சொல்லும் பட்டியல்.

மூக்குக்கும் நாக்குக்கும் உரியவை: எண்ணெயின் காறல், மாவின் பூஞ்சை வாடை, பெருங்காயத்தின் காரம், புளியின் பழமை.

சிலவற்றுக்கு இரண்டு மூன்று புலன் வேண்டும். மிளகில் பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்று பார்க்கத் தண்ணீரில் போடுகிறோம். நல்ல மிளகு அமிழும், பப்பாளி விதை மிதக்கும். பதர் மிளகும் மிதக்கக்கூடும் என்பதால், மிதந்ததை நசுக்கி முகர்ந்தும் பார்க்க வேண்டும்.

இவற்றில் எதையாவது வாயால் மட்டும் சொல்லிக் கொடுத்துவிட முடியுமா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

நான்கு பழக்கங்கள்

இப்போது என் கடையில் புதிய ஆள் வந்தால் நான்கு பழக்கங்களைக் கடைப்பிடிக்கிறேன். செலவு ஒன்றும் இல்லை.

ஒன்று, கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு நாளுக்குப் பத்துச் சரக்கு மட்டும். ஒரே மாதிரி தோன்றுபவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எதில் வேறுபடுகிறது என்று பையனையே சொல்ல வைக்கிறேன். நல்லதை மட்டும் காட்டினால் போதாது. கெட்ட சரக்கிலும் ஒரு பிடி எடுத்துச் சின்ன டப்பாவில் வைத்திருக்கிறேன். கெட்டதை முகர்ந்தவனுக்குத்தான் நல்லது தெரியும்.

இரண்டு, நான் சொல்வதை நிறுத்திவிட்டு அவனைக் கேட்பது. "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் "புரிந்தது" என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, "நான்தான் வாடிக்கையாளர். எனக்கு அரை கிலோ பாசிப்பருப்பு எடுத்துக் கொடு தம்பி" என்கிறேன். தெரிந்ததும் தெரியாததும் அங்கேயே வெளியாகிவிடும். இதற்கும் ஆராய்ச்சிச் சான்று உண்டு. 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கே என்ற இரு அறிஞர்கள் கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு முறை பாடத்தை மறுபடியும் படித்தார்கள், இன்னொரு முறை புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்ததில் 81 விழுக்காடு, எழுதிப் பார்த்ததில் 75 விழுக்காடு நினைவில் இருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். மறுபடி படித்ததில் 42, எழுதிப் பார்த்ததில் 56. திரும்பத் திரும்பச் சொல்வதை விட, திரும்பத் திரும்பக் கேட்பதே நிற்கிறது.

மூன்று, இடைவெளி விட்டுக் கேட்பது. இன்று காட்டியதை நாளைக் காலை கடை திறந்ததும் கேட்கிறேன். பிறகு மூன்று நாள் கழித்து, பிறகு ஒரு வாரம் கழித்து. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1885லேயே இதைத் தம்மையே வைத்துச் சோதித்துச் சொல்லியிருக்கிறார். ஒரே மூச்சில் திணிப்பதை விடப் பல நாளுக்குப் பிரித்துப் பயில்வது நிலைக்கும்.

நான்கு, பழைய பையனைக் கொண்டு பழக்குவது. முதலாளியிடம் கேட்கத் தயங்குவதை அவன் பழைய பையனிடம் தயங்காமல் கேட்பான். கற்றுக் கொடுப்பவனுக்கும் தொழில் இன்னும் உறுதியாகும். தொலைபேசியில் வரும் பட்டியலை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டிய பிறகே வைக்க வேண்டும் என்பதையும் பழைய பையனே புதியவனுக்குப் பழக்குகிறான். அன்று கல்யாண வீட்டுப் பட்டியலை அப்படிப் படித்துக் காட்டியிருந்தால் பாசிப்பருப்பு கடலைப் பருப்பாக மாறியிருக்காது. அந்தப் பழக்கத்தை நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை என்பதுதான் உண்மை.

மொழி தெரியாத தம்பிகளுக்கு

இன்று தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் பக்கத்துக் கடைகளில் பீகார், ஒடிசா, அசாம் பக்கத்துத் தம்பிகள் பலர் வேலை செய்கிறார்கள். தமிழ் வராத தம்பியைக் "காது வகையா, கண் வகையா" என்று சோதித்துப் பயன் என்ன? மொழி தெரியாதது அறிவுக் குறை ஆகாது. நாம் பாட்னாவில் போய் நின்றால் நமக்கும் அதே கதிதான்.

அவர்களுக்கு மேலே சொன்ன வழி இன்னும் நன்றாகப் பலிக்கிறது. டப்பாவின் மேல் சரக்கின் பெயரைத் தமிழிலும் அவர்கள் எழுத்திலும் எழுதி, உள்ளே இருப்பதில் ஒரு பிடியைச் சின்னக் கவரில் போட்டு ஒட்டிவையுங்கள். கையில் கொடுத்து, தமிழ்ப் பெயரைச் சொல்லி, அவர்களையும் சொல்ல வையுங்கள். நாமும் அவர்கள் சொல்லும் பெயரைக் கற்றுக்கொண்டால் மரியாதை கூடும். மரியாதை உள்ள இடத்தில் ஆள் நிற்பான்.

வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதுவே

நம் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. "என் பையன் பார்த்தால்தான் படிப்பான், புத்தகம் அவனுக்கு ஒத்துவராது" என்று சொல்லும் பெற்றோர் இருக்கிறார்கள். பிள்ளை அதைக் கேட்டு, "எனக்கு இது வராது" என்று ஒதுங்கிவிடுவான். அவனுக்குப் புத்தகமும் வேண்டும், படமும் வேண்டும், எழுதிப் பார்ப்பதும் வேண்டும். விடுமுறையில் கடையில் பக்கத்தில் உட்கார வைத்து நாலு வாடிக்கையாளருக்கு மனக்கணக்கில் மீதிச் சில்லறை சொல்லச் சொல்லுங்கள். பள்ளிக் கணக்கும் தானாகப் பலப்படும். பதினான்கு வயது நிரம்பாத வெளிப்பிள்ளைகளை வேலைக்கு வைப்பது குற்றம் என்பது நாம் அறிந்ததே. நான் சொல்வது சொந்தப் பிள்ளை பொழுதுபோக்காகக் கற்பதைத்தான்.

முடிவாக

ஒரு பையன் மூன்று வாரத்தில் போய்விட்டால் நமக்கு அது ஆள் பற்றாக்குறை. அவனுக்கோ, "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற எண்ணத்தோடு ஊருக்குப் பேருந்து ஏறும் இரவு. அந்த எண்ணத்தை ஒருவன் மனத்தில் விதைக்க நமக்கு உரிமை இல்லை. தென்காசிப் பையனுக்கு நல்ல முதலாளி வாய்த்தார், பிழைத்துக்கொண்டான். எல்லோருக்கும் அப்படி வாய்க்கும் என்று சொல்ல முடியுமா?

கடலை மூட்டையை நஷ்டமாக்கிய பையன் இன்னும் என்னிடம்தான் இருக்கிறான். அந்த மூட்டையிலிருந்து ஒரு பிடியை எடுத்து டப்பாவில் போட்டு வைத்தவன் அவன்தான். புதிதாக யார் வந்தாலும் முதல் வேலையாக அந்த டப்பாவைத் திறந்து, "முதல்ல இதை மோந்து பாரு தம்பி, அப்புறம் பேசுவோம்" என்கிறான். உங்கள் கடையிலும் நாளைக் காலையே அப்படி ஒரு டப்பாவை எடுத்து வையுங்கள்.